ஐஸ் பக்டரியில அமோனியா கசிஞ்சா, ஈரத் துவாயோட குனிஞ்சு போய் வால்வைப் பூட்டலாமா?

2024 யூன் 18, இரவு 11.20 · மூணாம் சிப்ட்

கல்முனைப் பக்கம் ஒரு கட்டி ஐஸ் பக்டரி. 25 கிலோ கான், உப்புத்தண்ணித் தொட்டி, பழைய கொம்பிறசர், திரவ அமோனியா சேர்ந்து நிக்கிற ரிசீவர் ராங்கி, சிஸ்டத்துக்குள்ள 350 கிலோ அளவில அமோனியா. எஞ்சின் றூம் 20 அடிக்கு 14 அடி, உயரம் 12. பெருநாள் லீவு எண்டதால இந்தக் கிழமை இரவுச் சிப்டில ஒரு ஆள்தான். புதுப் பொடியன்மாருக்குச் சொல்லிக் குடுக்கிறது இதுதான்: "அமோனியா காத்தை விட லேசு, மேல ஏறிரும். ஈரத் துவாயை மூக்கில கட்டு, குனிஞ்சு நிலத்தோட போ, ரிசீவர் வால்வைப் பூட்டு, வெளிய வா." இது சரியா? சரியெண்டா உள்ள எத்தினை நிமிசம் நிக்கலாம்?

யூன் 18, இரவு 11.55 · ஒயில்வாளி

நிமிசத்தைக் கேக்காதீங்க, மூச்சுக் கணக்கைக் கேளுங்க.

உங்கட றூம் ஏறத்தாழ 95 கன மீற்றர். திரவ அமோனியா காத்தாகினா 850 மடங்கு பெருக்கும். 33 மில்லிலீற்றர் திரவம், அதாவது பிளேன்ரீ குடிக்கிற சின்னக் கிளாசில கால்வாசி, தரையில விழுந்து ஆவியாகினா அந்த றூம் முழுக்க 300 பிபிஎம் (பத்து லட்சத்தில 300 பங்கு). கவசம் இல்லாத ஆள் உடன வெளியேற வேண்டிய அளவு அது. அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடப் போனா 5000 பிபிஎம்; அதுக்குள்ள தொண்டை இறுகி ஆள் விழுந்திரும். 10 கிலோ கொட்டினா 15 வீதம், அதுக்கு மேல நெருப்புப் பொறி பட்டா வெடிக்கவும் செய்யும். உங்களிட்ட 350 கிலோ கிடக்கு.

எட்டு மணித்தியால வேலைக்கு எல்லை 25 பிபிஎம், கால் மணித்தியாலத்துக்கு 35. மூக்கு 5 அளவிலயே பிடிச்சிரும். அமோனியாவில உள்ள ஒரே நல்ல குணம் அதுதான், சொல்லிப்போட்டுத்தான் வரும். ஆனா நாள் முழுக்க உள்ள நிக்கிறவனுக்கு மூக்கு பழகிரும். "இஞ்ச மணமே இல்லையே" எண்டு பழைய ஆள் சொன்னா நம்பாதீங்க, வெளிய இருந்து அப்பதான் வந்த ஆளைக் கேளுங்க.

ஈரத் துவாய் வாசல் வரைக்கும் ஓடுறதுக்கு. உள்ள போறதுக்கு இல்ல. தண்ணியில அமோனியா நல்லாக் கரையும், அதனால ரெண்டு மூச்சுக்கு உதவும். கண்ணுக்கு என்ன கட்டுவீங்க? அதோட வேர்த்த உடம்பும் ஈரத் துவாய் மாதிரித்தான், கமக்கட்டு, கழுத்து, தொடையிடுக்கு எல்லாம் இழுத்தெடுக்கும். சாரத்தோடயும் வெறும் மேலோடயும் நிக்கிறவனுக்கு முதல்ல எரியிறது அந்த இடங்கள்தான்.

யூன் 19, காலை 6.10 · கரைவாகு

குனிஞ்சு போற கதையும் பிழை. கசியிறது திரவமெண்டா மைனஸ் 33 பாகைக் குளிரில வரும். குளிர்ந்த காத்து பாரம், நிலத்தோடதான் படரும். வெள்ளைப் புகாராக் கணுக்கால் உயரத்தில ஓடுறதைப் பார்க்கலாம்.

யூன் 19, காலை 6.45 · ஒயில்வாளி

கரைவாகுக் காக்கா சொன்ன முடிவு சரி, காரணம் பிழை. மைனஸ் 33 இலயும் அமோனியா ஆவி கன மீற்றருக்கு 0.9 கிலோ அளவுதான். எங்கட காத்து 1.16. குளிர்ந்தாலும் லேசுதான். பாரமாக்கிறது உள்ள கலந்து வாற நுண்துளி. அழுத்தத்தில இருந்து வெளிய பாயிற திரவம் தூறலாச் சிதறும். அந்தத் தூறல் பக்கத்துக் காத்தைக் குளிர வைக்கும், எங்கட ஊர்க் காத்தில இருக்கிற ஈரம் பனியா உறையும், எல்லாம் சேர்ந்து பாரமான புகார் ஆகும்.

இந்த வித்தியாசம் ஏன் வேணுமெண்டா, கொம்பிறசர் கிளாண்டால (தண்டு வெளிய வாற இடத்து அடைப்பு) கசியிறது வெறும் ஆவி. அது கூரைக்குப் போய் அங்கயிருந்து கீழ நிரம்பிக்கொண்டு வரும். ரிசீவர் அடியில, திரவ லைனில கசிஞ்சா நிலத்தால வரும். எந்தப் பக்கத்தால வருகுதெண்டு தெரியாத ஆளுக்கு குனியிறதும் ஒண்டுதான், நிமிர்றதும் ஒண்டுதான். வாசலுக்கு ஓடுறதுதான் வேலை.

யூன் 19, காலை 7.02 · கரைவாகு

சரி வாத்தியார். நிலத்தாலயும் கூரையாலயும் இல்லாம நெஞ்சு உயரத்தால போற மாதிரி ஒரு கசிவு வந்தா என்ன செய்யலாம் எண்டும் ஒரு கணக்குப் போட்டுத் தாங்க.

ஓடுற பக்கம் பத்தி ஒருத்தரும் எழுதல்ல. வாசலால வந்த உடன காத்துக்குக் குறுக்காகப் போகணும், பிறகு காத்துக்கு எதிர்ப்பக்கம். இப்ப கச்சான் அடிக்கிற காலம், பகலில மேற்கால இருந்து கடலுக்குப் போகும். பின்னேரம் சில நாளில கடல்காத்து திருப்பி அடிக்கும். மார்கழியில வாடை வந்தா வடகிழக்கால, அப்ப புகார் முழுக்க ஊர் மனைக்குள்ள. எங்கட கரையோரம் ஒரு பக்கம் கடல், மற்றப்பக்கம் வயலும் களப்பும், நடுவில ஒட்டி ஒட்டி வீடு. கூடி நிக்கிற இடம் ஒண்டு மட்டும் குறிச்சா வருசத்தில பாதி நாள் அது பிழையான இடம். கடற்கரைப் பக்கம் ஒண்டு, றோட்டுப் பக்கம் ஒண்டு, ரெண்டு வேணும். கூரையில ஒரு கம்பு நட்டு ரெண்டு முழத் துணி கட்டி விடுங்க, ரெண்டு வாசலில நிண்டும் தெரியிற மாதிரி. இரவில தெரிய ஒரு பல்ப்.

சின்னக் கசிவுக்கு 30 மீற்றர் சுற்றி ஆளை எடுக்கணும். காத்து போற பக்கம் பகலில 100 மீற்றர், இரவில 200. இரவில கூட, ஏனெண்டா இரவுக் காத்து அடங்கினது, கலைக்காது.

யூன் 19, பகல் 1.30 · மூணாம் சிப்ட்

ரெண்டு வாசல் இருக்கு. ஒண்டில உப்பு மூடை அடுக்கிக் கிடக்கு.

யூன் 19, பகல் 1.34 · ஒயில்வாளி

அப்ப ஒரு வாசல்தான் இருக்கு. மூடையை இண்டைக்கே எடுங்க.

யூன் 19, இரவு 9.15 · கரைவாகு

வால்வு பூட்டுற விசயம். எல்லாரும் "கொம்பிறசரை நிப்பாட்டு" எண்டு மட்டும் சொல்றாங்க. தொட்டிக்குள்ள அமோனியா ஆவியாகிற கொயில் குழாயில, அதாவது கொம்பிறசர் உறிஞ்சுற சக்சன் பக்கம் கசிஞ்சா நிப்பாட்டினா இன்னும் மோசம். ரிசீவரால திரவம் வெளிய போற கிங் வால்வைப் பூட்டிப்போட்டு கொம்பிறசரை ஓட விட்டா கொயிலில உள்ளதை உறிஞ்சி ரிசீவருக்குள்ள சேர்த்திரும், கசியிற பக்கம் அழுத்தம் இறங்கும். ஆவியைத் திரவமாக்கிற கொண்டென்சர், கொம்பிறசர் தள்ளி விடுற டிஸ்சார்ஜ் பக்கம் கசிஞ்சாத்தான் உடன நிப்பாட்டணும்.

யூன் 19, இரவு 10.05 · ஒயில்வாளி

ஒப்புக்கொள்றன், ஒரு நிபந்தனையோட. கசிவு எஞ்சின் றூமுக்கு வெளிய, தொட்டிப் பக்கம் எண்டாத்தான் ஓட விடலாம். கிங் வால்வுக்குப் போற பாதையிலயும் மணம் இருக்கக் கூடாது. றூமுக்குள்ள எண்டா வெளிச்சுவரில உள்ள சுவிச்சால முழுக் கரண்டையும் வெட்டுங்க, உள்ள போய் ஒவ்வொண்டா அமத்தப் போகாதீங்க. 15 வீதத்துக்கு மேல இருக்கிற றூமில ஒரு கொன்டக்டர் (மோட்டர் சுவிச்) பொறி போதும். வெளிச்சுவரில சுவிச் இல்லாட்டி இந்த இழையில எழுதினதில அரைவாசி வீண்.

உள்ள போறதெண்டா முதுகில காத்துச் சிலிண்டர் கட்டின ரெண்டு பேர், வெளிய கயிறு பிடிச்சு மூண்டாவது ஆள். அது இல்லாட்டி தீயணைப்புக்கு, 110க்கு எடுத்துப்போட்டு வெளிய நில்லுங்க. 350 கிலோவும் போனாப் போகட்டும், கிலோக் கணக்கில காசு குடுத்து வாங்கலாம்.

தண்ணி அடிக்கிற விசயத்தையும் சேர்த்து எழுதிர்றன். தரையில குட்டையாக் கிடக்கிற திரவத்துக்கு மேல தண்ணி அடிக்காதீங்க. கரையிற சூட்டில கொதிச்சு ஒரேயடியா மேல எழும்பும். குழாய் நுனியைப் புகார் மாதிரி விரிச்சு, காத்து போற பக்கம் தண்ணித் திரை போடுங்க, ஆவியை அது பிடிக்கும். ஓடுற தண்ணியை மண் அணை கட்டி மறிக்கணும். களப்புக்குப் போச்செண்டா லீற்றருக்கு ஓரிரு மில்லிகிராமே மீனுக்குப் போதும், அடுத்த நாள் தோணிக்காரன் வாசலில நிப்பான்.

யூன் 20, இரவு 8.40 · ஒயில்வாளி

கசிஞ்ச பிறகு என்ன செய்யிறதெண்டே பேசிக்கொண்டிருக்கம். ஐஸ் பக்டரியில ஆள் அடிபடுற வேலை பெரும்பாலும் ஒண்டுதான்: ஒயில் வடிக்கிறது. குழாய் தானா வெடிச்சு வாறதை விட, மனுசன் கையால வால்வைத் திறந்து விடுற நேரம்தான் கூட.

கொம்பிறசர் ஒயில் அமோனியாவில கரையாது, அதை விடப் பாரம், அடியில போய்ப் படியும். அதை வடிக்கத்தான் வேணும், இல்லாட்டி கொயில் குளிரை இழுக்காது. வடிக்கிற வாயில ரெண்டு வால்வு இருக்கணும். உள்ள சாதாரண வால்வு, வெளிய கையை எடுத்தா தானா மூடுற ஸ்பிரிங் வால்வு. ஸ்பிரிங் வால்வைக் கம்பியால கட்டி வைக்கிறது, கைபிடிக்கு மேல கல்லு வைக்கிறது, இது ரெண்டும்தான் மரண வேலை.

முதல்ல ஒயில் பொட்டை (ஒயில் படியிற சின்னப் பாத்திரம்) கொயிலில இருந்து பிரிச்சு, ஆவி சக்சன் பக்கம் போற வென்ட் வால்வைத் திறந்து விட்டுப்போட்டுக் காத்திருங்க. பொட்டின் வெளிப்பக்கத்தைப் பாருங்க. அடியில வெள்ளையா உறைபனி பிடிச்சுக் கிடந்தா உள்ள இன்னும் திரவ அமோனியா கொதிக்குது. உறைபனி உருகி, தண்ணி சொட்டி, தகரம் காஞ்சு, கை வைச்சா றூம் சூடு தெரியணும். பழைய பொட்டெண்டா மணித்தியாலக் கணக்கில எடுக்கும். அவசரப்படுறவன் சுடுதண்ணி ஊத்தலாம். நெருப்புச் சூள் பிடிக்கக் கூடாது. அதுக்குப் பிறகுதான் வென்டைப் பூட்டி, உள் வால்வை முழுக்கத் திறந்து, ஸ்பிரிங் வால்வைக் கையால மெல்ல அமத்துறது.

ஒயில் தேன் மாதிரி இழையா வரும். நுரைச்சு, சீறி, இழை அறுந்து வந்தாக் கையை எடுத்திருங்க, ஒயில் முடிஞ்சு.

ஒண்டுமே வராட்டி? இதுதான் பொறி. குளிர் ஒயில் மெழுகா அடைச்சிருக்கும். வால்வைத் திறந்து வைச்சுக்கொண்டு கம்பி விட்டுக் குத்தினா அடைப்பு கழண்டு அதுக்குப் பின்னால நிண்ட அமோனியா முழுக்க முகத்துக்கு வரும். ரெண்டு வால்வையும் பூட்டி, சுடுதண்ணித் துணி சுத்தி இளக விடுங்க.

மூடின கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, முகமூடி முகத்தில. தனிய ஒருத்தன் வடிக்கக் கூடாது. லீவு நாளில சிப்டில ஒரு ஆள் எண்டா அண்டைக்கு வடிக்கவே கூடாது.

யூன் 21, காலை 5.50 · ஒயில்வாளி

மேல எழுதினதில ஒண்டு விட்டுப்போச்சு. வென்டைத் திறந்து வைக்கிற நேரம் சக்சன் அழுத்தம் பூச்சியத்துக்குக் கீழ போக விடாதீங்க. வெற்றிடத்தில வடி வாயைத் திறந்தா ஒயில் வராது, வெளிக் காத்து உள்ள போகும். கேஜில 3 அல்லது 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) நிண்டாப் போதும்.

எவ்வளவு ஒயில் விட்டது, எவ்வளவு வடிச்சது எண்டு கொப்பியில எழுதுங்க. 10 லீற்றர் விட்டு 4 லீற்றர்தான் வடிச்சதெண்டா மிச்சம் கொயிலுக்குள்ளதான் தூங்குது. வடிச்ச ஒயிலை வெளிய, திறந்த வாளியில ஒரு நாள் வைங்க. அதுக்குள்ளயும் அமோனியா இருக்கு. மூடின போத்தலில ஊத்தினா மூடி பறக்கும்.

யூன் 21, இரவு 10.20 · கரைவாகு

அழுத்தக் கணக்கையும் போட்டு விடுங்க, கேஜ் பார்த்து என்ன செய்யணும் எண்டு பொடியன்மாருக்குத் தெரியாது.

யூன் 21, இரவு 11.00 · ஒயில்வாளி

கொண்டென்சர் 30 பாகையில 155 பிஎஸ்ஐ, 35 இல 181. ஆவியாகிற பக்கம் மைனஸ் 15 இல 20க்குக் கிட்ட. தண்ணி 30 பாகையில ஓடுற நேரம் 220 காட்டினா ஒண்டில் கொண்டென்சரில சுண்ணாம்புப் படிவு, இல்லாட்டி உள்ள காத்து. கொம்பிறசரை நிப்பாட்டி, தண்ணியை ஓட விட்டு, உள்ள போற தண்ணியும் வெளிய வாற தண்ணியும் ஒரே சூடு ஆகும் வரை நில்லுங்க. அப்பவும் 30 பாகைக்கு 155ஐ விடக் கூடக் காட்டினா, கூடின அளவு காத்து.

காத்தை வெளியேத்த ஹோசை வாளித் தண்ணிக்குள்ள விடுவீங்க. அமோனியா வந்தா தண்ணிக்குள்ள படபடவெண்டு வெடிச்சுக் கரைஞ்சு போகும், மேல ஒண்டும் வராது. காத்து வந்தா பெரிய குமிழாச் சத்தமில்லாம மேல வரும். குமிழ் நிண்டு படபடப்பு மட்டும் கேட்டா முடிஞ்சு. ஹோசில ஒருவழி வால்வு போட மறக்காதீங்க. அமோனியா கரையிற வேகத்தில ஹோசுக்குள்ள வெற்றிடம் வந்து தண்ணி மேல ஏறும்.

ரெண்டு வால்வுக்கு நடுவில திரவத்தை அடைச்சு விடுறதும் இதே மாதிரி மறந்துபோற விசயம். காலையில குளிர்ந்த லைனை ரெண்டு பக்கமும் பூட்டிப்போட்டுப் போவாங்க, பகல் வெயிலில திரவம் விரியும், இடமில்லாட்டி இரும்பையே கிழிக்கும். வாற பக்கத்தை முதல்ல பூட்டி, லைன் காலியாகின பிறகு மற்றதைப் பூட்டுங்க.

யூன் 23, காலை 9.30 · வார்ட் பக்கம்

இவ்வளவு எழுதியும் ஆள் அடிபட்டா என்ன செய்யிறதெண்டு ஒருத்தரும் எழுதல்லையே.

கண்ணில பட்டா ஓடுற தண்ணி, இமையை விரலால விரிச்சுப் பிடிச்சு, ஆகக் குறைஞ்சது 15 நிமிசம். மணிக்கூட்டைப் பாருங்க, 15 நிமிசம் எவ்வளவு நீளம் எண்டு அப்பதான் தெரியும். அமோனியா காரம், கண்ணுக்குள்ள ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும், எரிவு குறைஞ்சாலும் நிப்பாட்டக் கூடாது. தேசிக்காய்ப் புளி விடுற, வினாகிரி விடுற வேலை வேணாம். "காரத்துக்குப் புளி" எண்டு படிச்ச ஆக்கள்தான் இதைக் கூடச் செய்யிறது. பால், பட்டர், தேங்காயெண்ணெய் ஒண்டும் வேணாம்.

சேட், சாரம் தோலோட உறைஞ்சு ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, தோலும் சேர்ந்து வரும். தண்ணி ஊத்தி இளகின பிறகு கழட்டுங்க.

மூச்சில போனவரைப் படுக்க வைக்காம சாய்ஞ்சு இருக்க வைங்க. குரல் கம்மினா, எச்சில் விழுங்க ஏலாட்டி தொண்டை வீங்குது எண்டு அர்த்தம், அது அவசரம். "இப்ப சுகம், வீட்ட போறன்" எண்டு சொன்னாலும் விடாதீங்க. நுரையீரலில நீர் கட்டுறது மணித்தியாலங்கள் கழிச்சும் வரும், 24 மணித்தியாலம் ஆஸ்பத்திரியில பார்க்கணும். 1990 அம்புலன்சுக்கு எடுக்கிற நேரம் "கேஸ் அடிச்சிட்டு" எண்டு சொல்லாதீங்க, சமையல் கேஸ் எண்டு நினைப்பாங்க. "அமோனியா" எண்டு சொல்லுங்க.

யூன் 23, காலை 9.52 · கரைவாகு

அல்லாஹ் உங்களுக்கு நல்லதைத் தரட்டும் தங்கச்சி. தேசிக்காய் விசயம் எங்கட பக்கமும் இருக்கு.

ஐஸ் பக்டரிக்கு ஒரு 200 லீற்றர் பரல் தண்ணி வெளி வாசலடியில எப்பவும் நிரம்பி நிக்கணும், கரண்ட் போனா குழாயில தண்ணி வராது. மூடி போடுங்க, இல்லாட்டி நுளம்புக்காரங்க வழக்குப் போடுவாங்க.

யூன் 25, இரவு 7.15 · ஒயில்வாளி

உப்புத்தண்ணிக்குள்ள கசியிறதைப் பத்தி. கொயில் தொட்டிக்குள்ள மூழ்கிக் கிடக்கு, ஓட்டை விழுந்தா மணம் உடன வராது, தண்ணி கரைச்சு வைச்சிருக்கும். கனடாவில பேர்னி எண்ட ஊரில 2017 ஒக்டோபர் 17 ஆம் திகதி ஐஸ் சறுக்கு அரங்கில மூண்டு பேர் செத்தது இந்த வகையிலதான். குளிராக்கியில ஓட்டை எண்டு மாதக்கணக்கா முதலே தெரியும், திருப்பி ஓட்டினாங்க, அமோனியா உப்புத்தண்ணிக்குள்ள போய்ச் சேர்ந்தது.

கிழமைக்கு ஒருக்கா தொட்டித் தண்ணியில கொஞ்சம் எடுத்துச் சோதனைக் குழாயில சூடாக்கி, வாயில ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடிங்க. நீலமானா ஆவியில அமோனியா. தாளைத் தண்ணிக்குள்ள தோய்க்காதீங்க, சுண்ணாம்பு போட்ட தொட்டியெண்டா அதுக்கும் நீலமாகும். நெஸ்லர் திரவம் இன்னும் கூர்மை, மஞ்சள் தொடங்கி மண்ணிறம் வரை போகும். ஆனா அதில பாதரசம், கையில படக் கூடாது.

வெளி லைனில கசிவு தேட கந்தகக் குச்சி. கொளுத்தி, குழாய் மூட்டுப் பிளாஞ்சைச் சுத்தி மெல்லக் கொண்டு போனா, கசியிற இடத்தில மட்டும் பால் மாதிரி வெள்ளைப் புகை திரளும். கந்தகப் புகையும் நெஞ்சுக்குக் கூடாது. மணம் பலமா இருக்கிற இடத்துக்குக் குச்சி கொண்டு போகவே வேணாம்.

யூன் 25, இரவு 7.40 · கரைவாகு

பேர்னியில உப்புத்தண்ணி மூடின குழாய்க்குள்ள சுத்தினது, அழுத்தம் ஏறி வெடிச்சது. எங்கட தொட்டி திறந்தது. அதையும் இதையும் ஒண்டாப் போடாதீங்க.

யூன் 25, இரவு 8.05 · ஒயில்வாளி

உண்மை, திறந்த தொட்டி அப்பிடி வெடிக்காது. ஆனா கான் தூக்குற பொடியன்மார் முழு நாளும் அதுக்கு மேல குனிஞ்சு நிக்கிறாங்க. சோதனை செய்யாம விட அது காரணமாகாது.

யூன் 28, இரவு 9.00 · மூணாம் சிப்ட்

மூடை எடுத்தாச்சு. முகமூடி ஒண்டு வாங்கியிருக்கு, பில்டரில மண்ணிறக் கோடு. அமோனியா சிலிண்டர் ரெண்டு தொட்டிக் கொட்டிலில, குளோரின் தூள் வாளிக்குப் பக்கத்தில நிக்குது.

யூன் 28, இரவு 9.20 · ஒயில்வாளி

மண்ணிறம் கரைப்பான் ஆவிக்கு. அமோனியாவுக்குப் பச்சைக் கோடு, "கே" எழுத்து. அதுவும் தப்பி வாறதுக்கும் சின்ன வேலைக்கும்தான். கே1 எழுதினது 1000 பிபிஎம் வரை, கே2 5000 வரை, அந்தந்த அளவுக்கு மேல அந்தப் பில்டர் வடிக்காது. சீல் உடைச்ச திகதியை எழுதி வைங்க.

மீன் மேசை கழுவுற குளோரின் தூளை இண்டைக்கே வேற அறைக்கு மாத்துங்க, ரெண்டும் கலந்தா வாறது இன்னொரு நச்சுக் காத்து. சிலிண்டர் நிழலில, நிமிர்ந்து, சங்கிலி போட்டு, தொப்பி மூடி. சிஸ்டத்துக்கு அமோனியா சார்ஜ் பண்ற நேரம் தராசில வைச்சுப் பாருங்க, பாரம் ஏறினா சிஸ்டத்தில இருந்து சிலிண்டருக்குத் திரும்பி வருகுது. சிலிண்டரின் தண்ணிக் கொள்ளளவு லீற்றருக்கு 0.53 கிலோவுக்கு மேல நிரப்பக் கூடாது. 1992இல செனகல் நாட்டு டக்காரில 129 பேர் செத்தது அளவுக்கு மிஞ்சி நிரப்பின ராங்கியாலதான்.

யூன் 28, இரவு 9.31 · மூணாம் சிப்ட்

ரெண்டாவது வாசலில பழைய பித்தளைப் பூட்டு. மூடையை எடுத்துப்போட்டுப் பார்த்தா நீலம் பூத்துக் கிடக்கு. திறப்பு போகுது, சுத்துதில்ல.

யூன் 28, இரவு 9.36 · ஒயில்வாளி

பித்தளையை அமோனியா கீறல் விழ வைக்கும். மழைக் காலத்தில குதிரை லாயத்துக்குப் பக்கத்தில வைச்ச வெள்ளைக்காரன்ட தோட்டாக் கூடெல்லாம் இந்தியாவில இப்பிடித்தான் கீறி விழுந்தது. கேஜுக்குள்ளயும் பித்தளை இருக்கக் கூடாது, இரும்புக் கேஜா எண்டு பாருங்க.

பூட்டை வெட்டி எறிங்க. புதுப் பூட்டுப் போடாதீங்க, அந்தக் கதவுக்குப் பூட்டே வேணாம். கீலைக் கழட்டி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்துங்க, உள்ள இருந்து தோளால தள்ளினாத் திறக்கணும்.

யூன் 30, காலை 6.25 · மூணாம் சிப்ட்

கதவு மாத்தியாச்சு. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் அடியில இருந்து நடந்து பார்த்தம், 11 அடி. இரவில ரெண்டு ஆள் போடச் சம்மதிச்சிருக்காங்க. கேஜைத் திறந்து பார்த்தா உள்ள பித்தளைதான்.